அண்ணா இல்லாத அணி

வெள்ளி இரவு, டுசல்டோர்ஃப்

நாளை பான் நகர அணியோடு அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம். நடுவர் முட்டை வடிவப் பந்தை நிலத்தில் குத்தி எழுப்பும்போது, எங்களுக்காகப் பாய்ந்து தட்டுவது எப்போதும் அண்ணாதான்.

மாலைப் பயிற்சியில் புல்வெளியெங்கும் பனிமூட்டம். அதற்குள் பந்துக்காக மேலே பாய்ந்த அண்ணா, கீழே வராமல் அங்கேயே நின்றுவிட்டதுபோல் இருந்தது. பயிற்சியாளர் நான் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் முழங்காலைப் பிடித்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் சொன்னேன்.

“நாளைக்கு மார்க்கோ பாயட்டும் அண்ணா. நீங்கள் வேண்டாம்.”

“அவன் பாஞ்சால் பந்து எங்கடை பக்கம் வராது.”

“தெரியும். முன்னுக்கு நிக்கிற ரெண்டு பேரைத் தடுக்கிறதுக்குப் பின்னுக்கு எடுக்கிறன்.”

பாலத்து விளக்குகள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப தண்ணி குடுக்கிற ஆளாயாவது என்னைப் போடு,” என்றார்.

“அதுக்கும் ஓடவேணும்.”

“ஓட ஏலாது. நடந்து போறன்.”

ஓம் என்றேன்.

தோற்றாலும் தோற்போம். கண்ணை மூடினால், பனிக்குள் தண்ணீர்ப் போத்தலோடு அண்ணா மெல்ல நடந்து வருகிறார். அவர் வந்து சேரும்வரை இரண்டு அணிகளும் ஆடாமல் நிற்கின்றன.