கண் திறந்த புயல்

குனியின் அம்மாவுக்கு,

புயல் காப்பகத்தில் அவலும் வெல்லமுமாவது கிடைத்ததா? குனிக்குக் காய்ச்சல் விட்டதா?

இன்று உங்கள் கேந்திரபாடா பக்கம் மேகமே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன். அத்தனை உயரத்தில் ஒரே இடத்தில் நின்று இரவும் பகலும் நம்மையே பார்க்கிறது. கடற்கரை தெரிகிறது, கழிமுகம் தெரிகிறது. உன் அப்பா வீட்டுக் கூரை மட்டும் அதற்குத் தெரியாது.

அன்று உன்னைக் காப்பகத்துக்குப் போகச் சொல்லத்தான் போன் செய்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே புதுப் படம் வந்தது. புயலின் நடுவே கண் வட்டமாகத் திறந்திருந்தது. "அடடா, என்ன அழகு! எல்லாரும் வந்து பாருங்கப்பா!" என்று கத்திவிட்டேன். வானிலை அலுவலகமே கை தட்டியது.

"எங்க தலைக்கு மேலயா?" என்று கேட்டாய். அதன் பிறகு நீ போனை எடுக்கவேயில்லை.

நேற்று உன் அண்ணன் எடுத்தார். "மேலருந்து பாத்தது போதும் மாப்ள. கீழ வந்து பாருங்க. கூரை இல்லாம வானம் இன்னும் அழகாத் தெரியுது" என்றார்.

இதை நிவாரண லாரியில் கொடுத்தனுப்புகிறேன். நாளை தார்ப்பாயும் கயிறுமாக பஸ்ஸில் வருகிறேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு என் மேசைக்கு மேல் ஒட்டியிருந்தார்கள். இன்று கிழித்துவிட்டேன். கிழிக்கும் முன் ஒரு நிமிடம் நின்று ரசித்தேன். அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

உன் முகத்தைப் பார்க்கக் கூசியபடி வருகிறவன்.