ஆளுக்கொரு தாச்சி

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்கள் பெயரை நான் வாயால் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் கடைக்கு மரக்கறி இறக்க வரும் மொரோக்கோக்காரர் இதுதான் உங்கள் பெயர் என்று நம்பிவிட்டார். செத்தவீட்டன்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "முஸ்யூ இஞ்சாருங்கோ மிக நல்ல மனிதர்" என்று பிரெஞ்சில் சொன்னார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும்.

ஆண்டு முடிந்துவிட்டது. எல்லாரும் படம் போட்டு, நாலு வரி கவிதை போட்டு நினைவு மலர் அடிக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது, வியாபாரம்தான் வரும். ஆகவே உங்கள் மலரில் நடந்ததை எழுதுகிறேன். வாசிக்கிறவர்களில் நாலு பேர் ஒரு முட்டைச் சோறு செய்யப் பழகினால் அது கவிதையைவிட உபயோகம்.

கடை நன்றாகப் போகிறது. எங்கள் தமிழ்க்கடைத் தெருவான லா ஷப்பலில் எங்களுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு கடை திறந்து, கொஞ்ச நாள் விலையை இறக்கி விற்றுப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. முருங்கைக்காயை வாடவிடாமல் வைத்தேன், அவ்வளவுதான். இப்போது அவர்களே என்னிடம் வந்து எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். சொல்லுவேனா?

பெரிய செய்தி மகளுடையது. நிதுவுக்கு லியோனில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்தது. அவள் ஆசைப்பட்ட பிரிவு, பிறந்த குழந்தைகள். வேலை ஒப்பந்தமான கொந்தரா வீட்டுக்கு வந்து மேசையில் கிடந்தது. கிடந்தது, கிடந்துகொண்டே இருந்தது. கையெழுத்து விழவில்லை.

"ஏன் பிள்ளை, பேனை இல்லையோ?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து நின்றாள். நான் ஒரு கையில் ஆறிப்போன மரக்கறி றோலை வைத்துக் கடித்தபடி, மற்றக் கையால் ஆட்களுக்கு மிச்சக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இதுதான் சாப்பாடோ?"

"விக்கிறவள் சாப்பிடாட்டி ஆர் நம்பி வாங்கிறது?"

"நான் வீட்டிலை இல்லாத இரவைக்கு?"

"ரெண்டு பிஸ்கற்றும் தேத்தண்ணியும். ஏன், அது வயித்துக்கு நல்லம்."

"அம்மா, அப்பா போனாப்பிறகு வீட்டிலை அடுப்புப் பத்தினதோ? நான் லியோனுக்குப் போனால் நீங்கள் இந்த றோலிலையே சீவிப்பீங்கள். நான் போகேல்லை."

அப்போதுதான் கையெழுத்து ஏன் விழவில்லை என்று எனக்கு விளங்கியது. "ஒரு ஆளுக்கெண்டு என்னத்தைப் பிள்ளை சமைக்கிறது?" என்றேன். இந்தத் தெருவில் தனியாக இருக்கிற எல்லாப் பெண்களும் சொல்வதுதான். அரிசி மூட்டைகளை மோட்டுக்கு அடுக்கி வைத்துக்கொண்டு அதன் நடுவில் நின்று சொல்கிறேன். அவள் மூட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரி. ஒரேயொரு சாப்பாடு. எனக்கு முன்னாலை நீங்களே செய்து, கதிரையிலை இருந்து, சாப்பிட்டுக் காட்டுங்கோ. அப்ப கையெழுத்து வைக்கிறன்."

"என்ன சாப்பாடு?"

"அப்பான்ரை திங்கட்கிழமைச் சோறு."

வாசிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். என் மனிசன் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். திங்கட்கிழமை அந்தக் கடை பூட்டு. அன்றைக்குப் புறநகர் எபினேயில் எங்கள் வீட்டுக் குசினி அவருடையது. மீன் வெட்டிக் களைத்த கையால் அவர் வீட்டில் மீனைத் தொடமாட்டார். முட்டையும் சோறும்தான்.

அரிசி, பிரெஞ்சுக்காரர் பால்சோற்றுக்குப் போடும் உருண்டை அரிசி. ஜப்பான் அரிசி என்று பெயர் எழுதி விற்பதற்கு விலை அதிகம், கிண்ணத்தில் போட்டபின் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் விற்கிற அரிசி எதுவும் இதற்குச் சரிவராது என்பதை வியாபாரியாகிய நானே ஒப்புக்கொள்கிறேன். சம்பாவில் சாறு நிற்காது, அடிக்குப் போய்விடும்.

சாற்றுக்கு ஜப்பான்காரர் ஒரு காய்ந்த மீனைச் சீவிப் போடுவார்களாம். அது எங்கள் மாசிக்கருவாட்டுக்குச் சொந்தக்காரன். இஞ்சாருங்கோ, நீங்கள் என் கடை மாசியையே ஒரு துண்டு இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிப்பீர்கள். அதில் சோயாச் சாறு, கொஞ்சம் சீனி, மெல்லியதாக வெட்டிய வெங்காயம். வெங்காயம் வெந்ததும் முட்டையை ஊற்றி, மூடி, சோற்றின்மேல் வழுக்கிவிட வேண்டியதுதான். சட்டி கழுவுகிற நேரத்தில் சாப்பாடு முடிந்துவிடும்.

இதிலே கோழி சேர்த்தால் ஜப்பானில் தாயும் பிள்ளையும் என்று பெயராம். நீங்கள் கோழி போடமாட்டீர்கள். ஏனென்று கேட்டால், "தாய் கடையிலை நிக்கிறா, பிள்ளைதான் வீட்டிலை நிக்குது" என்பீர்கள். அந்த நக்கலைக் கேட்காததுபோல நான் கடைக் கணக்கை எடுத்துக்கொள்வேன்.

எனக்குக் கோபம் வருவது இரண்டு விடயத்தில். ஒன்று, நீங்கள் இரண்டு சின்னத் தாச்சி வாங்கி வந்தது. கையளவு வாணலிகள். "ஒரு பெரிய தாச்சியிலை மூண்டு பேருக்கும் ஒரேயடியாய் ஊத்தினால் என்ன? அடுப்புக் காஸும் மிச்சம், நேரமும் மிச்சம்" என்று நான் கத்துவேன். "இது ஆளுக்கொரு தாச்சியப்பா, அதுதான் முறை" என்று மட்டும் சொல்வீர்கள்.

மற்றது, நான் கடை பூட்டி, ரயிலில் இடிபட்டு வந்து சேர்ந்தால், நிது ஏற்கெனவே கிண்ணத்தோடு இருப்பாள். எனக்குப் பிந்தித்தான் வரும். "இஞ்சாரும், முகத்தைக் கழுவிப்போட்டு வாரும், உம்மடை இப்ப வரும்" என்பீர்கள். கழுவிப்போட்டு வந்தாலும் வராது. மகளென்றால் முதல், மனிசியென்றால் கடைசி என்று நான் முணுமுணுக்காத திங்கட்கிழமை உண்டா? நீங்கள் சிரித்துக்கொண்டு மூடியைத் திறந்து பார்ப்பீர்கள், திரும்ப மூடுவீர்கள்.

ஆனால் வந்தபிறகு குறை சொன்னதில்லை. முட்டை நன்றாக இறுகியிருக்கும். முட்டைக்கும் சோற்றுக்கும் நடுவில் இடித்த செத்தல் மிளகாய் ஒளிந்திருக்கும். ஜப்பான்காரருக்கும் உறைப்பில்லாமல் இறங்காது போலிருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். கடையில் மாசி வாங்க வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லியும் கொடுத்தேன். விமான நிலையத்தில் வேலை செய்கிற, கூசேன்வில்லில் இருந்து வருகிற அண்ணை செய்து பார்த்துவிட்டு வந்து, "தங்கச்சி, அந்த அடி மிளகாயிலைதான் ஜப்பான்காரன்ரை மூளை இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் சோதனைக்குப் போனேன். திங்கட்கிழமை, அதே குசினி. நிது இரண்டு தாச்சியையும் எடுத்து அடுப்பில் வைத்தாள். நான் முட்டையை உடைத்து, கரண்டியால் நுரை எழும்ப அடித்தேன்.

"நோ, அம்மா! அடிக்காதேங்கோ. குச்சியாலை வெட்டுங்கோ. வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாத் தெரியவேணும்."

"முட்டையை வெட்டுறதோ? அதென்ன பூசணிக்காயோ?"

வெட்டினேன். ஊற்றினேன். மூடினேன். அவள் உடனே மூடியைத் தூக்கி, "இப்ப நூருங்கோ" என்று அடுப்பை அணைக்கச் சொன்னாள்.

"விசரே? இன்னும் பச்சையாய்க் கிடக்கு. ஆடுது."

"ஆடவேணும். அப்பா எப்பவும் இப்பதான் நூர்க்கிறவர்."

"ஆடுற முட்டையைக் கொப்பா எனக்கு ஒருநாளும் தரேல்லை."

"எனக்கு எப்பவும் ஆடுறதுதான் தந்தவர். நீங்கள் மறந்திட்டியள்."

"நீதான் மறந்திட்டாய். சின்னப் பிள்ளையில இருந்து சாப்பிட்டும் தெரியேல்லை. தள்ளு, அந்தச் செத்தல் போத்தலை எடு."

"உதென்னத்துக்கு?"

"சோத்துக்கு மேலை போட. ஜப்பான்காரர் போடுறது."

"கெல் பிமோன்?" என்றாள். எந்த மிளகாய் என்று கேட்கிறாள். திகைத்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். நான் விளக்கினேன். அவள் குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அம்மா, இது உங்கடை கடையிலை விக்கிற இடிச்ச மிளகாய். இதை எந்த ஜப்பான்காரன் போட்டவன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொல்வது ஒரு சாப்பாடு, நான் சொல்வது வேறொரு சாப்பாடு. ஒரே மனிதர், ஒரே திங்கட்கிழமை, ஒரே மேசை. யாரோ ஒருத்தி பிழையாகத்தானே சொல்லவேண்டும்?

அடுப்பைப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தாச்சி. ஒன்று வாங்கிய நாள்போல இருந்தது. மற்றதில் விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அதை ஒழுங்காகத் தேய்ப்பதில்லை என்று எத்தனை முறை உங்களுக்குப் பேசியிருப்பேன்.

"நிது, உனக்கு எப்பவும் முதலிலை தந்தவர், என்ன?"

"ஓம். ஆறினால் இறுகிப்போம், கெதியாச் சாப்பிடு எண்டுவார். நீங்கள் முகம் கழுவிப்போட்டு வர நான் முடிச்சு எழும்பியிடுவன்."

"எனக்குப் பிந்தித்தான் வரும்."

இரண்டு பேரும் அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்தோம். பிறகு ஒருவரும் மற்றவருக்கு எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கலியாணம் கட்டிய புதிதில் நீங்கள் முதல்முதல் செய்து தந்த அன்று, மேலே ஆடிய முட்டையைப் பார்த்து, "இதென்ன சளி மாதிரி" என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன். நீங்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனீர்கள். அடுத்த திங்கள் இறுகி வந்தது. நான் சொன்னபிறகு மனிசன் திருத்தமாகச் சமைக்கப் பழகிவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். முட்டையை அப்படி இறுகவிட்டால் உங்கள் கடையின் பெரிய சமையல்காரர் தாச்சியோடு குப்பையில் போடுவார் என்று வேறு ஏதோ கதையில் நீங்களே சொன்னீர்கள். அப்போதும் எனக்கு மூளை ஓடவில்லை.

மகளின் தாச்சியை நூர்த்த பிறகு என் தாச்சியை நெருப்பில் விட்டுவிட்டு நின்றிருக்கிறீர்கள். முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால், "எனக்காக ஏன் மினக்கெடுறியள், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஊத்துங்கோ" என்று சட்டம் பேசுவேன் என்று தெரிந்துதானோ?

அன்றைக்கு அவளுடையதை ஆடும்போதே நூர்த்தோம். முதலில் அவள் சாப்பிட்டாள். என்னுடையது பிந்தி வந்தது, இறுகி, அடியில் மிளகாயோடு. கதிரையில் இருந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். நிது கிண்ணம் கழுவ முன்னமே பேனையை எடுத்தாள்.

இப்போது அவள் லியோனில். துப்புரவான தாச்சியை அவள் கொண்டுபோனாள், கறுப்பு வளையம் என்னிடம். திங்கட்கிழமை வேலைக்குக் கடையில் ஒரு பெண்ணைப் போட்டுவிட்டேன். நேரத்தோடு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பத்தவைக்கிறேன். ஒருமுறை ஆடும்போது நூர்த்தும் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், இன்னும் பிடிக்கவில்லை.

ஒரு விடயம் செய்து பார்த்தபிறகுதான் தெரிந்தது. பருப்பையும் குழம்பையும் ஒரு ஆளுக்கு வைக்கப் போனால் சட்டியைப் பார்க்கவே மனம் சுருங்கும். இந்தச் சோற்றில் குறைக்க ஒன்றுமில்லை. மூன்று பேர் இருந்த வீட்டிலும் இது ஒரு ஆளுக்கென்றுதான் செய்யப்பட்டது. அதே தாச்சி, அதே அளவு. காஸையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கப் பார்த்தவளுக்கு நீங்கள் வைத்துவிட்டுப் போன ஏற்பாடு இதுவென்று எடுத்துக்கொள்கிறேன்.

வியாபாரமும் செய்துவிட்டேன், வேறென்ன. உருண்டை அரிசி சின்னப் பை, மாசி ஒரு துண்டு, சோயாச் சாறு சின்னப் போத்தல், மூன்றையும் ஒரே தட்டில் வைத்தேன். அறைகளில் தனியாக இருக்கிற வன்னிப் பெடியள் வேலை முடிந்து வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்தத் தெருவில் இத்தனை பேர் ஒரு ஆளாகச் சாப்பிடுகிறார்கள் என்று பெரிய மூட்டை விற்ற காலத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கூசேன்வில் அண்ணைக்கும் உண்மையைச் சொன்னேன். "அண்ணை, அந்த மிளகாய் ஜப்பான்காரர் போடுறேல்லையாம். என்ரை மனிசன் எனக்கெண்டு போட்டது."

அவர் மாசியைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப நான் இனிப் போடக் கூடாதோ?"

"போடுங்கோ, போடுங்கோ. அவர் குறை நினைக்கமாட்டார்."

ஒன்று மட்டும் மனத்தில் நிற்கிறது. நான்தான் கடைசி என்று முணுமுணுத்துத் திரிந்தேன். எனக்குப் பிறகும் ஒரு கிண்ணம் இருந்தது, உங்களுடையது. அது வருகிற நேரம் நான் தொலைபேசியில் சாமான்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருப்பேன். நீங்கள் எப்படிச் சாப்பிட்டீர்கள்? ஆட ஆடவா, இறுகவிட்டா? நிதுவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

வருகிற வக்கான்ஸ் விடுமுறைக்கு அவள் தாச்சியோடு வருவாள். முதல் அவளுடையதை ஊற்றுவேன், பிறகு என்னுடையதை. அதற்குப் பிறகு அடுப்பை நூர்க்காமல் உங்களுக்கும் ஒன்று ஊற்றுவேன். ஆட்டமும் இறுக்கமும் பாதிப் பாதியாக இருக்கிற இடத்தில் மூடியைத் திறப்பேன். பிழையென்றால் கனவில் வந்து சொல்லுங்கோ. எத்தனை திங்கட்கிழமை ஆனாலும் சரிவரும்வரை செய்வேன், இது வியாபார வாக்கு அல்ல.

இனி முணுமுணுக்காத,
உங்கடை மனிசி