வெட்டவிடாத புளியமரம்

1987, புரட்டாசி. வியாழன்.

இடஒதுக்கீட்டு மறியலுக்காகத் தியாகதுருகம் சாலை மரங்களை வெட்டினோம். கோடரி கொடுத்ததே பெரிய வீட்டுக்காரர்தான். ஏரிக்கரைப் புளியமரத்துக்கு வந்ததும் அவரே குறுக்கே நின்றார்.

"இத்த மட்டும் வுட்டுடுங்கடா."

"ரோட்டு மரம்தானே, உங்களுக்கு இன்னாங்க?" என்றார் என் கணவர். பெரிய வீட்டுக்காரர் மரத்தோடு ஒட்டி நின்றார். முகம் வெளுத்துவிட்டது. அந்த மரத்தை விட்டுவிட்டு வந்தோம்.

இருபது வருஷத்துக்கு முன் அந்த ஏரியில் தலையில்லாத உடல் ஒன்று மிதந்தது. பெரிய வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசிய என் அண்ணன் காணாமல்போன வாரம் அது. "தலையே இல்ல, உங்க அண்ணன்னு எப்படிச் சொல்ற?" என்று போலீஸ் என்னை விரட்டியது. அநாதைப் பிணமாகப் புதைத்தார்கள்.

நாளை எல்லோரும் கோடரியோடு வருவார்கள். நான் கடப்பாரையோடு போவேன். அவர் பார்க்கப் பார்க்க வேரடியைத் தோண்டுவேன். அண்ணனுக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். அதை உடைத்ததும் அவர்தான்.