முதுகில் தைத்த பட்டி

அப்பா,

இன்று காலை, படம் எடுக்கப் போகும்போது போடுகிற கையில்லாத ஜாக்கெட்டை எடுத்தேன். முதுகில் நீங்கள் தைத்த பட்டி அப்படியே இருக்கிறது. பழைய பயணப்பையில் வெட்டியது. கறுப்பு நூல் இல்லையென்று சிவப்பு நூலால் தைத்தது. உங்கள் கை பிடித்த இடம் மட்டும் நைந்திருக்கிறது. போட்டேன், கழற்றினேன், திரும்பவும் போட்டேன். மூன்று மாதமாக இதே கதைதான்.

வுப்பர்டால் வீட்டிலிருந்து ஹனோவர் விளையாட்டு மண்டபத்துக்கு என்னைக் காரில் கொண்டுவந்து விடத்தான் முதலில் வந்தீர்கள். சில்லுச் சப்பாத்துப் போட்ட பெண்கள் வட்டமாக ஓடி, தோளாலும் இடுப்பாலும் ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளினார்கள். இதுதான் ரோலர் டெர்பி என்றேன். "என்னால பாக்க ஏலாது, வெளியில நிக்கிறன்" என்றீர்கள். நின்றது பத்து நிமிடம். மூன்றாம் ஆட்டத்துக்குள் எல்லாருடைய நம்பரும் உங்களுக்குப் பாடம். இடைவேளையில் கேக் விற்கிற மேசையில் உங்கள் கடலை வடைதான் முதலில் முடியும்.

கமராவில் கண் வைத்தால் எனக்கு உலகம் மறந்துபோகும். ஓடுபாதைக் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பேன். அதற்காகத்தான் அந்தப் பட்டி. பின்னால் நின்று, "பதினேழு வாறாள்" என்று ஒரு இழுவை இழுப்பீர்கள். நானும் தப்புவேன், படமும் பெரும்பாலும் தப்பிவிடும்.

அன்று படம் தப்பவில்லை. கடைசி நிமிடம். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள், அணிக்குப் புள்ளி எடுக்க வேண்டியவள், மூன்று பேரைப் பிளந்துகொண்டு பாய்ந்தாள். வருடக்கணக்காக நான் காத்திருந்த படம். இழுத்துவிட்டீர்கள். நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் குவியலாகக் கிடக்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால் கத்தினேன்: "இனி என்னோட வராதேங்கோ."

"பல்லுப் போனாப் பிறகு படத்தை வைச்சு என்ன செய்யப் போறாய்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் இடித்தவளும் இடிபட்டவளும் கட்டிப்பிடிப்பார்கள். கன்றிப்போன தொடையைக் காட்டிச் சிரிப்பார்கள். "இடிச்சவளையே கொஞ்சுறாள், விசர்ப் பிள்ளையள்" என்பீர்கள். அதைப் பார்க்கவென்றே கடைசிவரை நிற்பீர்கள். அன்று நிற்கவில்லை. அடுத்த இரண்டு ஆட்டத்துக்கு நான் ரயிலில் போனேன். வெறும் வீம்பு. மூன்றாவது வருமுன் உங்கள் இதயம் நின்றுவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

போன கிழமை அணித்தலைவி மண்டபச் சுவரில் மாட்டப் படங்கள் கேட்டாள். தேடும்போது அந்தப் பழுதான படம் வந்தது. கோபத்தில் அன்று திறந்தும் பார்க்காதது. நீங்கள் இழுத்த இழுவையில் படத்தில் மண்டபக் கூரை சரிந்து கிடக்கிறது. மூலையில், படத்தின் கால்வாசியை அடைத்துக்கொண்டு, இரும்பு அச்சும் சில்லுமாக ஒரு சப்பாத்து. விழுந்தவளின் கால், என் முகம் இருந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

இதைத்தான் பெரிதாக மாட்டவேண்டும் என்றாள் தலைவி. எடுத்தவர் பெயரைக் கீழே போட வேண்டும், உன் பெயர்தானே என்று கேட்டாள். உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

இதை அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் எழுதுகிறேன். ஆட்டம் தொடங்கப் போகிறது. உங்களுக்குப் பிறகு எடுத்த படமெல்லாம் தூரத்தில் நின்று எடுத்தவை, ஒன்றிலும் உயிரில்லை. இன்று ஓடுபாதைக் கோட்டுக்குப் போகத்தான் போகிறேன். மன்னியுங்கோ அப்பா. பின்னால் ஒருவரும் இல்லையென்று எனக்குத் தெரியும். கமராவில் கண் வைத்ததும் முதுகு மட்டும் உங்கள் இழுவைக்குக் காத்துக்கொண்டு நிற்கும்.