மதாமின் காரில் சூடு வரவில்லை

லியோன்
4-12-1955

அன்பு ஆரிபாவுக்கு, தாவூது ஸலாம் சொல்லி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நான் நலம், இடுப்பு வரைக்கும். அதற்குக் கீழே கால்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவை இருப்பதை நான் உணர்ந்து மூன்று வாரமாகிறது.

எல்லாம் என் முதலாளியம்மா மதாமின் காரால் வந்தது. ஐந்து வருடத்துப் பழைய ஜெர்மன் டீசல் கார். குளிர்காலத்தில் உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு கொடுக்க அதில் ஹீட்டர் என்று ஒன்று உண்டு. எஞ்சினைச் சுற்றி வரும் சுடுதண்ணீர் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். விசிறி அதிலிருந்து சூட்டை வாங்கி நம் காலுக்கு ஊதும். இப்போது ஊதல் மட்டும் குறைவில்லாமல் வருகிறது. ஞாயிறுதோறும் மதாமை அவர் தங்கை வீட்டுக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரம் ஓட்டிப் போகிறேன். பின்சீட்டில் அவருக்கு இரண்டு கம்பளி, வெந்நீர்ப் பை, மடியில் நாய். நாயை மடியில் வைத்திருப்பது பாசத்தால் அல்ல.

மெக்கானிக்கிடம் விடவும் முடியாது. "ஊரில் பஸ்ஸையே பிரித்து மாட்டியவன் நான்" என்று மார்தட்டித்தானே இந்த வேலையில் சேர்ந்தேன்! ஜனவரி முடிவதற்குள் சூடு வராவிட்டால் வேறு டிரைவர் பார்ப்பேன் என்று மதாம் சொல்லிவிட்டார். அப்புறம் நான் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

உன் அண்ணன் சேக் அலாவுதீன் நானாவுக்கு டீசல் எஞ்சின் அத்துபடி. ஆனால் அவரிடம் எந்த முகத்தோடு கேட்பேன்? நம் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டில் குடியிருந்தேன். சாப்பிட்டது உங்கள் வீட்டுச் சோறு, ஓட்டியது உன் நானாவின் பஸ். "மாப்பிள்ளைக்கு இன்னொரு முட்டை வைங்க, நம்ம பஸ்ஸ ஓட்டிக் களைச்சுப்போயி வந்திருக்காரு" என்று அவர் ஒருநாள் சிரித்தார் பார், அந்த முட்டைதான் என்னைப் பிரான்சு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அதனால் நான் கேட்டேன் என்று சொல்லாதே. பொதுவாகக் கேட்பதுபோல் கேள்.

தாவூது


காரைக்கால்
17-12-1955

அன்பு மச்சானுக்கு, ஆரிபாவின் ஸலாம்.

பொதுவாகக் கேட்கச் சொன்னீர்கள். காரைக்காலில் ஒரு பெண்பிள்ளை அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "காருக்குள்ளே சூடு வரலேன்னா என்ன செய்யணும் நானா?" என்று பொதுவாகக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? நானா கையிலிருந்த இடியாப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல நிறுத்தச் சொல்லு" என்றார். பிறகு, "தாவூது நல்லா இருக்காராமா?" என்றார். உங்கள் ரகசியம் இவ்வளவு நேரம்தான் தாங்கியது.

ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஹீட்டருக்குத் தண்ணீர் விடும் திருகு திறந்திருக்கிறதா, குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கணுமாம். காற்று போக வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி நிறுத்தி எஞ்சினை ஓட விடுங்கள்.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒரு வருஷம் ஆகிவிட்டது. நகராட்சி மேரி ஆபீஸ் குமாஸ்தா மட்டும் இன்னும் பிரெஞ்சில் "பொன்ழூர்" என்றுதான் வணக்கம் சொல்கிறார். மண்டபத்தூரிலிருந்து நேற்று நல்ல கொடுவா மீன் வந்தது. ஆக்கினேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். மூன்று வருஷமாக இந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு விரித்த பாய் சுருட்டியபடியே நிற்கிறது.

தங்கள்
ஆரிபா


லியோன்
1-1-1956

அன்பு ஆரிபாவுக்கு,

நானா சொன்னது எல்லாம் செய்தாயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்து வரைக்கும் இருக்கிறது. திருகு திறந்தேதான் இருக்கிறது. மூக்கை மேடாக்க ஒரு ஏற்றத்தில் நிறுத்தினேன். கைப்பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னாலேயே உருண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் கோழிக்கூண்டில் உட்கார்ந்தது. கோழிகள் பிழைத்தன, நான் பிழைத்ததாகச் சொல்ல முடியாது.

ஹீட்டருக்குப் போகும் குழாயும் திரும்பி வரும் குழாயும் இரண்டுமே வெதுவெதுப்புத்தான், அடைப்பு இல்லை. சூடு காட்டும் முள் எவ்வளவு ஓட்டினாலும் அடியிலேயே தூங்குகிறது. ஊரில் முள் இப்படிப் படுத்துக் கிடந்தால், எஞ்சின் கொதிக்கவில்லை என்ற சந்தோஷத்தில் நாகூர் தர்காவுக்குச் சர்க்கரை ஓதக் கொடுத்திருப்பேன்! ரேடியேட்டர் முன்னால் ஒரு சாக்கைக் கட்டினேன். கொஞ்சம் சூடு வந்தது. மதாம் வந்து பார்த்து, "இது என் காரா, உருளைக்கிழங்கு வண்டியா?" என்றார். அவிழ்த்துவிட்டேன்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. விரல்கள் வீங்கி வெடித்திருக்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்தால் உயிர் போகிறது. வேலை போவதுகூடப் பெரிதில்லை ஆரிபா. துரத்திவிட்டார்கள் என்ற பேரோடு உன் வீட்டுப் பாயில் எப்படி உட்காருவேன், அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தாவூது


காரைக்கால்
14-1-1956

அன்பு மச்சானுக்கு,

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் எழுதிய வைத்தியம் நானா சொன்னதல்ல. ஷெட்டில் கிடந்த பஸ் ரிப்பேர் புத்தகத்தைப் பார்த்து நானே எழுதியது. நானா அன்றைக்கே, இடியாப்பம் ஆறுவதற்குள்ளே, சரியான பதிலைச் சொல்லிவிட்டார். "உன் மாப்பிள்ளை நம்ம ஷெட்டுல பழகுனவரு. தெர்மோஸ்டாட்டப் புடுங்கிப் போட்டிருப்பாரு. போயி மாட்டச் சொல்லு."

தண்ணீர் சூடேறும் வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி நிற்கும் சின்னக் கதவுதானே அது? நம் ஊர் வெயிலுக்குப் புது பஸ் வந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவது உங்களுக்கெல்லாம் பிஸ்மி சொல்லித் தொடங்குவது மாதிரி. அங்கேயும் கோடையில் தண்ணீர் மாற்றியபோது கை தானாகக் கழற்றியிருக்கும். கதவு இல்லாததால் தண்ணீர் சூடாகும் முன்பே ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிடுகிறது. எஞ்சினே குளிர்ந்து கிடந்தால் ஹீட்டர் எதை ஊதும்? அந்த முள்ளையும் சாக்கையும் எழுதினீர்களே, அதிலேயே எல்லாம் இருந்தது.

ஏன் மறைத்தேன் என்றால், நீங்கள் கப்பலேற வேண்டியதுதான் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது மச்சான். ஹீட்டர் கெட்டே கிடக்கட்டும், என் மாப்பிள்ளை வீடு வந்து சேரட்டும் என்று நினைத்தேன். உங்கள் விரல் வெடித்தது என் பொய்யால். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் தலை குனிந்து இந்தப் பாயில் உட்காருவதை நான் பார்க்க வேண்டாம். கதவை மாட்டுங்கள். வேலை நிலைக்கட்டும். பாய் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

ஆரிபா


லியோன்
12-2-1956

என் ஆரிபாவுக்கு,

கருவிப் பெட்டியின் அடியில், பழைய காப்பி டப்பாவில் கிடந்தது அந்தச் சாமான். ஜூலையில் கழற்றியபோது, "இந்த ஜெர்மன்காரனுக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியவில்லை" என்று நான் சிரித்தது நினைவிருக்கிறது. முதலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டுப் பார்த்தேன், சமர்த்தாகத் திறந்தது. மாட்டினேன். பத்து நிமிடத்தில் முள் எழுந்தது, இருபதாவது நிமிடத்தில் என் கால்கள் இரண்டும் இருப்பது தெரிந்தது.

இந்த மாதம் இங்கே ஆறே உறைந்து கிடக்கிறது. அந்தக் குளிரிலும் மதாம் புழுக்கம் தாங்கவில்லை என்று கண்ணாடியை இறக்கச் சொல்கிறார். நாய் முன்சீட்டுக்கு வந்துவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்தது யார் என்று மதாம் கேட்டார். என் மனைவியின் அண்ணன் என்றேன். காரைப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தார் என்றார். இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டு என்றேன். நானாவைப் பெரிய எஞ்சினியர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை, நானாவிடம் சொல்.

இந்த டிரைவரை இனி விடமாட்டேன் என்று போன ஞாயிறு தங்கையிடம் சொன்னார். அதைக் கேட்பதற்காகத்தான் மூன்று வருடமாகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வீடு திரும்பியதும் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் கடைசியில் மார்செய்லில் கப்பல். நான் துரத்தப்பட்டு வரவில்லை, போகாதே என்று பிடித்து நிறுத்தியும் வருகிறேன். இதை நானா காதில் விழும்படி இரண்டு தடவை சொல். பஸ்ஸை நானே ஓட்டுகிறேன், இன்னொரு முட்டை வைத்தாலும் சாப்பிடுகிறேன்.

நீ என்னைக் குளிரில் வைத்திருந்தாயே, அதற்கு எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் வேலை நிலைத்தால் நான் வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே அதைக் காப்பாற்ற எனக்கு வழி சொல்லிக் கொடுத்தாய். அதற்காகத்தான் வருகிறேன், ஆரிபா.

பாயை வெயிலில் போட்டு எடு.

உன்
தாவூது