இலையில் வைக்காத செர்வெலா

என் செல்லத் தம்பி நிரோ,

நீ இருக்கிற இடத்தில் வெயில் வந்துவிட்டதோ தெரியாது. இங்கே ஷ்லீரனில் பனி போய்விட்டது. பந்தயங்கள் திரும்பத் தொடங்கிவிட்டன என்று லேயா செய்தி அனுப்பியிருந்தாள். உன்னோடு ஒரே லாயத்தில் வேலை செய்த பிள்ளைதான். உன் பழுப்புக் குதிரை சுகமாம். இப்போது அவள்தான் அதில் ஏறுகிறாளாம்.

வருகிற மாதம் உன் ஆட்டத்திவசம், நீ போய் ஒரு வருஷம். நினைவு மலருக்கு நாலு வரி வேணும் என்று அச்சடிக்கிறவர் கேட்டார். "பாசமிகு சகோதரன், பண்பின் சிகரம்" என்று தானே எழுதிப் போடுவதாகவும் சொன்னார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், பிழைகள் இருக்கும். ஆனால் எனக்கு வெட்கமாக இருக்கிற விஷயத்தை இன்னொருவர் எப்படி எழுதுவார்?

இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு நீ என்ன வேலை செய்தாய் என்று தெரியாது. யாராவது கேட்டால் "மிருகங்களோடை வேலை" என்று சொல்லி நான் கதையை மாற்றிவிடுவேன். குதிரைப் பந்தயம் என்றால் எங்கள் சனத்துக்கு ஊரில் புக்கிக் கடை வாசலில் நின்று குடும்பத்தை அழித்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நீ பந்தயம் கட்டுகிறவன் இல்லை. குதிரையில் ஏறி, ஓடுகிற வழியில் குறுக்கே நிற்கிற செடி வேலிகளை அதைப் பாய வைக்கிறவன். அதுதான் உன் தொழில். அதற்குத்தான் உனக்குச் சம்பளம் தந்தார்கள். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஏன் வாய் வரவில்லை?

அம்மா போன பிறகு உன்னை வளர்த்தது நானும் உன் அத்தானும். பள்ளிக்கூடம் முடிகிற வருஷம், தொழில் பழகுகிற லேரவுக்கு மற்றப் பிள்ளைகள் வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் எழுதிப் போட்டார்கள். நீ ஆராவ் பக்கத்து லாயத்தில் ஒரு கிழமை நின்று பார்த்துவிட்டு, உடுப்பெல்லாம் சாணி மணக்க வந்து, "அக்கா, எனக்கு இதுதான்" என்றாய்.

அன்றைக்கு மாமியும் வீட்டில் இருந்தா. அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்கிறவ.

"ஊரிலை வேலி பாயிற மாட்டுக்குக் கழுத்திலை தடி கட்டி விடுவினம். இவனுக்கு என்னத்தைக் கட்டப் போறாய், வசந்தி?"

"ஒரு பொம்பிளையைக் கட்டி விடுங்கோவன், மாமி" என்றாய் நீ. அத்தானுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

அதற்குப் பிறகு உனக்கும் என் சமையலுக்கும் இடையில் ஒரு தராசு வந்து நின்றது. ஓட முன்னமும் உன்னை நிறுப்பார்கள், ஓடி முடிந்தும் நிறுப்பார்கள், நிறை கூடினால் ஏற விடமாட்டார்கள் என்றாய். நீ வீட்டுக்கு வருகிற நாளில் நான் விடியவே எழும்பிச் சமைப்பேன். நீ வெள்ளரிக்காயை வெட்டிக்கொண்டு மேசையில் இருப்பாய்.

"ஒரு வாய் புட்டு சாப்பிட்டால் என்ன?"

"அக்கா, அதை நான் தூக்கத் தேவையில்லை. பாவம், குதிரையெல்லோ தூக்க வேணும்."

நீ பகிடி விட்டாய். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். நான் சமைக்கிறதெல்லாம் உனக்குக் கூடாமல் போய்விட்டது என்று நினைத்தேன்.

விழுந்து காறை எலும்பு முறிந்தால் மட்டும் நாலைந்து கிழமை வீட்டில் நிற்பாய். கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நிற்க, நான் உனக்குத் தலை முழுக வார்ப்பேன். "விழுறதும் இந்த வேலைதான் அக்கா. எப்பிடி உருண்டு போறது எண்டு பழக்குவினம்" என்பாய். "விழாமல் இருக்கப் பழக்கமாட்டினமோ?" என்று கேட்பேன். உன் தலைக்குள் சவர்க்கார நுரையோடு மணல் வரும்.

வென்ற நாட்களில் படம் அனுப்புவாய். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. நான் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்புவேன். படத்தை ஒருவருக்கும் காட்டமாட்டேன். நீ பாய்கிறதை ஒருநாளும் நேரில் வந்து பார்க்கவும் இல்லை. பயம் என்று உனக்குச் சொன்னேன். பயம் பாதிதான், தம்பி.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை, முடிவுக்குக் கிட்டவாக இருந்த வேலியில் குதிரையின் கால் தட்டியது. குதிரை எழும்பிவிட்டது. நீ எழும்பவில்லை.

எட்டுச்செலவு வந்தது. போனவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து இலையில் படைக்கிற நாள். மீன், இறைச்சி என்று மச்சமும் வைக்கலாம். நான் கடைக்குப் போய் நின்றேன், ஒன்றும் எடுக்கத் தெரியவில்லை. உன்னை வளர்த்த எனக்கு, உனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. சின்னனில் நீ சாப்பிட்ட நண்டும் ஆட்டிறைச்சியும் வாங்கினேன். பிறகு லேயாவுக்குப் போன் எடுத்து, "அவனுக்கு விருப்பமான சாப்பாடு உனக்குத் தெரிந்தால் கொண்டு வா" என்று நானே கேட்டேன்.

அவள் கறுப்பு உடுப்போடு வந்தாள். கையில் வெள்ளித் தாளில் சுற்றின பார்சல், இன்னும் சூடு. பிரித்துப் பார்த்தேன். சுட்ட செர்வெலா ஒன்று, இந்த நாட்டுச் சனம் நெருப்பில் சுட்டுத் தின்கிற சொசேஜ், இரண்டு முனையும் கீறிப் பூவாய் விரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுப் பாண்.

மாமி எட்டிப் பார்த்தா. "உதுக்குள்ளை மாட்டிறைச்சியெல்லோ இருக்கு?"

"ஓம் மாமி."

"உதை இலையிலை வைச்சால் நான் எழும்பிப் போடுவன். அவன் உதெல்லாம் தின்னவே இல்லை. வெள்ளைக்காரப் பெட்டைக்கு என்ன தெரியும்?"

வீடு நிறையச் சனம். நான் "அவன் தின்னாதவன்தான்" என்று சொன்னேன். தெரியாமலே சொன்னேன். பார்சலைக் குசினிக்குள் கொண்டுபோய்க் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு, வந்து தேவாரம் பாடுகிறவர்களோடு நின்றேன்.

லேயா அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தான் சாப்பிட்ட கடதாசிக் கோப்பையை எறியக் குசினிக்குள் வந்து வாளியைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் கோப்பையைக் கவிழ்த்து அந்தப் பார்சலுக்கு மேல் மெதுவாக வைத்தாள், முகத்தை மூடுகிற மாதிரி. எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரு சமையலும் எனக்கு உருசிக்கவில்லை.

போன கிழமை ரெயில் எடுத்து லாயத்துக்குப் போனேன். முதல் தடவை. லேயா உன் குதிரைக்குக் குளம்பு துப்புரவாக்கிக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் வேலை இடத்து ஜெர்மன், மன்னிப்புக் கேட்க அது காணாது. என்றாலும் கேட்டேன்.

"எனக்குக் கோபம் இல்லை," என்றாள். "அது பிழையான சாப்பாடு என்று எனக்குத் தெரியாது."

"பிழை இல்லை. அவன் அதைச் சாப்பிடுவானா?"

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "கடைசி ஓட்டம் முடிந்து நிறை பார்த்த உடனே. சப்பாத்துக்கூடக் கழற்றமாட்டான். வேலியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிச் சாப்பிடுவான். பாதியை எனக்குத் தந்துவிட்டு, 'அக்காவுக்குச் சொல்லிவிடாதே, அவ கவலைப்படுவா' என்பான்."

நீ எனக்கு ஒளித்தாயா, தம்பி? நான் உன்னைச் சனத்துக்கு ஒளித்தேன். நீ என்னை நோகப்பண்ணக் கூடாது என்று ஒளித்தாய். இரண்டும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும்.

லேயா பிறகு ஒன்று கேட்டாள். "இலையில் வைத்ததைக் கடைசியில் யார் சாப்பிடுவது?"

"நாங்கள்தான். சொந்தக்காரர் பகிர்ந்து சாப்பிட வேணும். அப்போதுதான் அது அவனுக்குப் போய்ச் சேரும்."

"அப்படியென்றால் அன்றைக்கு அதை நீங்கள் சாப்பிட வேண்டி வந்திருக்கும்."

ஓம் என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. நான் மாமிக்குப் பயந்தது கொஞ்சம்தான். மாட்டிறைச்சி ஏறாத வீட்டுப் பிள்ளை நான், என் வாய்க்குத்தான் கூடப் பயந்திருக்கிறேன்.

ஆட்டத்திவசத்துக்கு ஐயர் சொன்னபடி மரக்கறிதான் படைப்பேன். அதில் ஒரு குறையும் வராது. ஆனால் அடுத்த ஞாயிறு லேயா உன் குதிரையில் ஓடுகிறாள். நான் வருவேன், நிரோ. அத்தானையும் கூட்டிக்கொண்டு முன் வரிசையில் நிற்பேன். ஓட்டம் முடிந்ததும் ஒரு செர்வெலா வாங்கி, கொண்டுவந்த வாழையிலைத் துண்டில் வைத்து, எல்லாரும் பார்க்க உன் பெயரைச் சொல்லிப் படைப்பேன். பிறகு அதை லேயாவோடு பாதி பாதியாகச் சாப்பிடுவேன். எனக்கு ஓங்காளம் வரலாம். வந்தாலும் விழுங்குவேன். மாமியும் இதை வாசிப்பா, வாசிக்கட்டும்.

உனக்கு என்ன பிடிக்கும் என்று
மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட
உன் அக்கா,
வசந்தி