கரையான் தின்ற சீட்டு

மல்லேஸ்வரம்
15-3-1998

அன்புள்ள பாலகுமாருக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அமெரிக்காவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் தங்கை இளவேனிலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், முழுக்கப் படி.

போன மாதம் அவளுக்கு மலையேற்றம் சொல்லிக்கொடுக்கும் ரங்கா வீட்டுக்கு வந்தார். மே மாதம் இமயமலைக்கு ஒரு குழு போகிறதாம், பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டுமாம். ராமநகரம் பாறையில் இருபத்தைந்து வயதுப் பையன்கள்கூட இவளைப்போல் ஏறுவதில்லை, தொப்பை போட்டவனுக்கு இடம் உண்டு, இவளுக்கு இல்லையா, அநியாயம் என்று மனிதர் பொரிந்து தள்ளினார். அவளுக்குப் பதினெட்டு முடிந்து ஐந்து மாதம் ஆனது உனக்கே தெரியும். சர்க்கார் வேலை கிடைத்தால் இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கட்டும் என்று பள்ளியில் சேர்க்கும்போது அப்பா வயதைக் குறைத்துப் போட்டாரே, உனக்குப் போட்டது போலத்தான், அதனால் சர்டிபிகேட்படி பதினாறு. ஜாதகம் செல்லாது, வேறு அத்தாட்சி உண்டா என்று ரங்கா கேட்டார். ஓசூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சீட்டு நான் உட்கார்ந்திருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளேதான் இருந்தது. கரையான் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். கை கால் ஒடிந்து வந்தால் எவன் கட்டுவான், நீயே சொல். அவர் பேசியது நியாயம் என்று எனக்கும் பட்டது, பட்டு என்ன செய்ய. நீ அனுப்பிய பாறை ஏறும் ஷூவைப் பழைய புடவைகளோடு பாத்திரக்காரி எல்லம்மாவிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன், நல்ல கனம்.

நேற்று முன்தினம் அவள் பெயர் இல்லாமலே இமயமலைப் பட்டியல் போய்விட்டது. இன்று காலை அத்திபெலேயிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஹார்டுவேர் கடை, சொந்த வீடு, பையனுக்கு முப்பத்தொன்று, முன்தலை கொஞ்சம் காலி. உன் அப்பா பெருமைக்கு இவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கு கார்டை எடுத்து நீட்டப்போக, பையனின் அம்மா ராஜலக்ஷ்மி, ஜாதகத்தில் பதினெட்டு, இதில் பதினாறா, போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று எழுந்துவிட்டாள். பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்துக் காட்டினேன். காபித் தட்டோடு நின்றிருந்த இளவேனில், "கரையான் திங்கலையாம்மா?" என்றாள். காபி ஆறுகிறது கொடு என்றேன். கொடுத்தாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது, வைகாசியில் முகூர்த்தம் வைக்கலாம் என்று சொல்லிப் போனார்கள்.

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், இவள் பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மழைத்தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஏறுகிறாள். நான் கத்தி முடிப்பதற்குள் மாடியையும் தாண்டித் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஏணி பாதிகூட எட்டவில்லை. தெருவே அண்ணாந்து பார்க்கிறது, மானம் போகிறது. இறங்குடி என்றால், "எனக்கு இன்னும் வயசாகலையேம்மா, ஆனதும் எறங்கறேன்" என்கிறாள். மணி மூன்று ஆகிறது, நல்ல வெயில். அப்பா கீழே நின்று அழுகிறார், அந்தச் சீட்டை அவளிடம் கொடுத்துத் தொலை என்கிறார். எப்படிக் கொடுப்பேன், அத்திபெலேக்காரர்கள் அதற்கு ஜெராக்ஸ் கேட்டிருக்கிறார்கள். பசித்தால் தானே இறங்குவாள், பெற்றவளுக்குத் தெரியாதா.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. வைகாசிக்கு இப்போதே டிக்கெட் போட்டுவை, வரும்போது அவளுக்குச் செருப்பு வாங்கி வா, ஷூ வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேதநாயகி